படித்திறனை வெட்டி அனுப்பும்போது மாதிரி புதிய வயலுக்குச் செல்லுமா? சோதிக்கும் முறை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வயல்களின் நெல் இலைப் படங்களை மூன்று கணினிகளில் வைத்து, எரிபந்தம் முதலிய நோய்களை இனங்காணும் இயந்திரக் கற்றல் மாதிரி ஒன்றைப் பயிற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதிரியின் உள்ளே இருக்கும் எண்களே எடைகள்; மாதிரியின் பிழையளவான இழப்பைக் குறைக்க ஒவ்வோர் எடையையும் எந்தத் திசையில், எவ்வளவு மாற்றவேண்டும் என்று காட்டும் எண்களே படித்திறன் (gradient). இதைக் கணினிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளவேண்டும். எடைக்கு 4 பைட் வீதம் 10 இலட்சம் எடைகள் என்றால், பயிற்சியின் ஒவ்வொரு படிக்கும் ஒரு கணினி 4 மெகாபைட் படித்திறன் அனுப்பவேண்டும். பருமனில் பெரிய 1 சதவீதத்தை மட்டும் அனுப்பினால், பெறுமானமும் இடச்சுட்டியும் சேர்த்து 80 கிலோபைட்தான். ஆனால் இப்படி வெட்டிய படித்திறன் பக்கச்சார்புடையது, அதாவது சராசரியிலும் உண்மையான படித்திறனிலிருந்து விலகியிருக்கும். தொகுதியை (ஒரு படிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையை) பெரிதாக்கினால் எழுமாற்று இரைச்சல் அடங்கும். இந்தப் பக்கச்சார்பு அடங்காது.

மாதிரி புதிய வயலுக்குச் செல்லுமா என்று பார்க்க, பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவை வயல் வயலாகப் பிரியுங்கள். ஒரே வரம்பில் நின்று எடுத்த படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்தால் புள்ளி பொய்யாக ஏறும். காலபோகத்தில் பயிற்றிச் சிறுபோகத்தில் சோதிப்பது இன்னும் கடுமையானது, அதையே செய்யுங்கள்.

வெட்டுப்பட்டதை எறியக்கூடாது. ஒவ்வொரு கணினியும் தன் மிச்சத்தைத் தானே வைத்திருக்கட்டும்:

மிச்சம் = மிச்சம் + கற்றல் வீதம் × படித்திறன்
அனுப்புவது = மிச்சத்தில் பெரிய 1 சதவீதம்
மிச்சம் = மிச்சம் − அனுப்பியது

கற்றல் வீதத்தால் (ஒரு படியில் எடைகளை எவ்வளவு நகர்த்துவது என்ற அளவால்) பெருக்கிய பிறகே சேருங்கள். இல்லாவிட்டால், வீதத்தைக் குறைக்கும்போது பழைய மிச்சம் தவறான அளவில் போய்ச் சேரும். மிச்சம் வைக்காவிட்டால் முதலில் அடிபடுவது அரிதான நோய்தான்: அதன் படித்திறன் சராசரியில் சிறுத்து, படிக்குப் படி வெட்டுப்படும். மொத்தத் துல்லியத்தில் இது தெரியாது, நோய்வாரியாகப் பாருங்கள்.

ஒப்பிடும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே சுற்று எண்ணிக்கையில் ஒப்பிட்டால், வெட்டிய முறையில் பயிற்சி இழப்புக்கும் சோதனை இழப்புக்கும் இடைவெளி சிறிதாகத் தெரியலாம். அது நல்ல பொதுமையாக்கம் (காணாத தரவிலும் சரியாக இயங்குவது) அல்ல, பயிற்சி முடியாததாக இருக்கலாம். இரண்டும் ஒரே பயிற்சி இழப்பை எட்டிய பிறகு ஒப்பிடுங்கள்.

பிறகு உறுதிநிலைச் சோதனை: தரவைச் சற்று மாற்றினால் மாதிரி எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது. ஒரு வயலின் படங்களை மட்டும் வேறொரு வயலின் படங்களால் மாற்றி, அதே தொடக்க எடைகள், அதே வரிசையில் மறுபடி பயிற்றுங்கள். இரு மாதிரிகளின் எடைத் தூரத்தைப் படிக்குப் படி குறியுங்கள். ஆய்வாளர்கள் ஹார்ட், ரெக்ட், சிங்கர் 2016இல் பொதுமையாக்கப் பிழைக்குக் காட்டிய எல்லை, குவிவான (கிண்ண வடிவ), ஒப்பமான (திடீர் மடிப்பற்ற) இழப்பில் போதியளவு சிறிய வீதத்துடன் எடுக்கும் படித்திறன் படி இரு மாதிரிகளை விலக்காது என்பதில் தங்கியுள்ளது. வெட்டும்போது இரு மாதிரிகளும் வேறு வேறு இடங்களைத் தெரிவுசெய்யக்கூடும்; அந்த உத்தரவாதம் போய்விடும். அதனால்தான் அளந்தே பார்க்கவேண்டும்.

வெட்டாத முறையைவிடத் தூரம் வேகமாக ஏறினால் கற்றல் வீதத்தை முன்கூட்டியே இறக்குங்கள். அப்போதும் அடங்காவிட்டால் 1 சதவீதத்தை 5 ஆக்குங்கள். படிக்கு 400 கிலோபைட் ஆகும்.