பழைய பஃப் பேனல் வைத்து மாடி ஷெட்டின் சூட்டைக் குறைப்பது எப்படி?

மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட அறை வைத்திருப்பவர்களுக்குச் சித்திரை வெயிலைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்கும். இதற்குப் புது பஃப் பேனல் வாங்கினால் செலவு கையைக் கடிக்கும். குளிர்பதன அறைகளைப் பிரிக்கும்போது வரும் பழைய பேனல்கள் காயலான் கடைகளில் கிடைத்தால் விடாதீர்கள். இருபுறமும் மெல்லிய தகரம், நடுவே பாலியூரித்தேன் நுரை. 50 மி.மீ. தடிமன் போதும். தெர்மாகோலில் அதே பலன் வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடிமன் தேவைப்படும்.

பார்த்து வாங்குங்கள்

முதலில் விரலால் தட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் வெற்றுச் சத்தம் வந்தால் அங்கே தகரமும் நுரையும் விட்டுப்போயிருக்கின்றன. அப்புறம் எடை. 0.5 மி.மீ. தகரம் ஒட்டிய 50 மி.மீ. பேனல் சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ இருக்கும். தூக்கும்போது அதைவிட மிக அதிகமாகக் கனத்தால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கலாம். அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். முகர்ந்தும் பாருங்கள். மீன் வைத்த அறையின் பேனல் என்றால் வெயில் ஏற ஏற வாடை கிளம்பும்.

ஷெட்டைத் தயார் செய்தல்

கூரைமேல் தண்ணீர் ஊற்றி, ஒழுகும் இடங்களை முதலில் அடைத்துவிடுங்கள். 10-க்கு 12 அடி அறை என்றால் பேனல்கள் மட்டுமே 110 கிலோ வரும். கூரையைத் தாங்கும் பழைய இரும்பு ஆங்கிள்கள் அதைத் தாங்குமா என்று வெல்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். குறுக்கே இன்னும் கம்பி வைக்கச் சொன்னால் வைத்துவிடுங்கள்.

வெல்டிங் வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் பேனல் மாடிக்கு ஏற வேண்டும். இதில் மட்டும் அவசரம் கூடாது. இந்த நுரை பற்றிக்கொண்டால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த புகை வரும். அதே காரணத்தால் அறுப்பதற்கும் கிரைண்டர் வேண்டாம், பொறி பறக்கும். இரும்பு அறுக்கும் பிளேடு போட்ட ஜிக்சா (கையில் பிடித்து அறுக்கும் மின்ரம்பம்) நல்லது. மாஸ்க், கண்ணாடி, கையுறை மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். அறுத்த தகரத்தின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் ஷீட்டில் துளை போடாதீர்கள், தேய்க்காதீர்கள். அந்தத் தூசி புற்றுநோயை உண்டாக்கும்.

மாட்டுதல்

பேனலை ஷீட்டோடு ஒட்டவைக்க வேண்டாம். ஷீட்டைத் தாங்கும் இரும்புக் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே மாட்டினால், நடுவில் இரண்டு மூன்று அங்குல இடைவெளி தானாகக் கிடைக்கும். அதன் இரு முனைகளையும் திறந்தே விடுங்கள். சூடான காற்று உயரமான பக்கம் வழியாக வெளியேறிவிடும். முனைகளில் கம்பி வலை அடிக்காவிட்டால் அணிலும் எலியும் குடிவந்துவிடும்.

இரண்டு பேர் பேனலைத் தாங்கிப் பிடிக்க, மூன்றாவது ஆள் கீழிருந்து செல்ஃப் டிரில்லிங் ஸ்குரூவை (தானே துளை போட்டு ஏறும் ஸ்குரூ) அகல வாஷரோடு சட்டத்துக்குள் ஏற்ற வேண்டும். 50 மி.மீ. பேனலுக்கு 75 மி.மீ. ஸ்குரூவாவது வேண்டும்.

இணைப்புகள்

பாதிப் பலன் இங்கேதான் வீணாகும். பேனல்கள் சேரும் இடங்கள், சுவரோரம், பழைய ஸ்குரூ ஓட்டைகள் எல்லாவற்றிலும் ஸ்ப்ரே ஃபோம் அடியுங்கள். அது உப்பும், அதனால் இடைவெளியில் பாதி நிரப்பினால் போதும். கையில் ஒட்டினால் லேசில் போகாது. காய்ந்ததும் துருத்தியதைக் கத்தியால் சீவி, மேலே அலுமினியம் ஃபாயில் டேப் ஒட்டுங்கள். ஓட்டையை விட்டால் எறும்பு நுரைக்குள் கூடு கட்டும்.

ஒயரை நுரைக்குள் நுழைக்காமல், பேனலுக்குக் கீழே பி.வி.சி. பைப்பில் கொண்டுபோங்கள். அந்த அறையில் அடுப்பு வேண்டாம்.

மிஞ்சிய துண்டுகளை மேற்குச் சுவருக்கு வையுங்கள். மாலை வெயில் அங்கேதான் அடிக்கும். ஏசி இல்லாத அறை என்றால் பொழுது சாய்ந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். பேனல் மேலிருந்து வரும் வெப்பத்தைத்தான் தடுக்கும், உள்ளே சேர்ந்ததைக் காற்றுதான் வெளியேற்ற வேண்டும்.