கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற தப்பிசைக் கலைஞரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

மலேசியாவின் லுமுட் கடற்படைத் தளம் அருகில் இருப்பதால், ஆயர் தாவார், சித்தியவான் பக்கத்துத் தோட்டப் பட்டணங்களில் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர்களைக் காண்பது அரிதன்று. அவர்களுள் சிலர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, தகப்பனிடமோ தாய்மாமனிடமோ தப்பு என்னும் பறையை அடிக்கக் கற்று, பதினெட்டு வயதில் கப்பலேறி, திரும்பி வந்த பின் மீண்டும் மாரியம்மன் திருவிழாவில் தப்பைக் கையில் எடுத்தவர்கள். அப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையைக் கோயில் திருவிழா மலருக்கோ, குடும்பத்துக்கென ஒரு சிறு நூலாகவோ எழுத விரும்புவோருக்காக இந்தக் குறிப்புகள். எழுத முற்படுவோர் பெரும்பாலும் கடற்படை வாழ்க்கையை முன்பாதியாகவும் இசையைப் பின்பாதியாகவும் வெட்டி வைத்து விடுகிறார்கள். அது வேண்டாம். இரண்டும் ஒரே ஆளின் கையில் ஒரே காலத்தில் நடந்தவை என்பதோடு, ஒன்றின் ஆண்டுகளைச் சரிபார்க்க மற்றொன்றே உங்களுக்குச் சாட்சியாகவும் நிற்கும்.

முதல் வேலை பேட்டி எடுப்பதல்ல, காகிதங்களைப் பார்ப்பது. சேவைப் புத்தகம், ஓய்வுச் சான்றிதழ், பதக்கங்களுடன் வந்த கடிதங்கள், பழைய அடையாள அட்டை, சீருடையில் எடுத்த படங்கள் ஆகியவற்றை அவர் மேசையில் பரப்பி வைக்கட்டும். நீங்கள் அவற்றைப் படம் எடுத்துக்கொண்டு ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருக்கும். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுதிய பிறந்த தேதிக்கும் அடையாள அட்டையில் உள்ள தேதிக்கும் வேறுபாடு இருந்தாலும் வியப்பில்லை. எதையும் திருத்தாமல் உள்ளபடியே குறித்துக்கொண்டு, எது சரி என்று பின்னர் அவரிடமே கேட்பது நல்லது. ஒட்டும் தாளுள்ள பழைய ஆல்பங்களில் படங்கள் நம் ஊர் ஈரத்தில் பிடித்துப் போயிருக்கும். அவற்றைப் பிய்த்தெடுக்க முயலாமல், ஆல்பத்தோடு சன்னலோரத்தில் வைத்துப் படமெடுத்தால் போதும்.

கடற்படைப் பெயர்களில் இரண்டு இடத்தில் ஏமாறாமல் இருக்க வேண்டும். ஒருவர் “நான் மலாயாவுல இருந்தேன்” என்றால் அது நாட்டையோ கப்பலையோ குறிப்பதாக நினைத்துவிடக் கூடாது. பெயரில் ‘அரச கப்பல்’ என்பதன் மலாய்ச் சுருக்கமான கே.டி. இருந்தாலும், கே.டி. மலாயா என்பது கரையில் உள்ள தளம். அது முதலில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருந்தது; பின்னர் அதே பெயர் லுமுட் தளத்துக்கு வந்தது. ஆகவே எந்த ஆண்டு என்று கேட்காமல் எந்த ஊர் என்று முடிவு கட்ட முடியாது. அதுபோலவே “ஹங் துவா” என்ற பெயரில் இரண்டு போர்க்கப்பல்கள் இருந்தன. பிரிட்டிஷ் கடற்படையின் லோக் இன்ஷ் என்ற கப்பல் 1964இல் நம் கடற்படைக்கு வந்து முதல் ஹங் துவா ஆனது. மெர்மேய்ட் என்ற வேறொரு கப்பல் 1977இல் வாங்கப்பட்டு இரண்டாவது ஹங் துவா ஆனது. 1968இல் சேர்ந்து 21 ஆண்டுகள் முடித்து ஓய்வூதியத்துடன் 1989இல் வெளிவந்த ஒருவர் இரண்டிலுமே பணியாற்றியிருக்கலாம். அவர் சொல்லும் புயலும் துறைமுகமும் எந்தக் கப்பலில் இருந்தபோது என்பதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். 1963க்கு முன் சேர்ந்தவராக இருந்தால், அவர் சேர்ந்தபோது அந்தப் படையின் பெயர் அரச மலாயாக் கடற்படை. மலேசியா உருவான பிறகுதான் அது அரச மலேசியக் கடற்படையாயிற்று.

ஆண்டைக் கேட்டால் முதியவர்கள் தடுமாறுவார்கள். நிகழ்ச்சியைக் கேட்டால் தடுமாற மாட்டார்கள். “தாத்தா, மே பதிமூணு கலவரத்தப்ப நீங்க கப்பல்லயா, வீட்லயா?” என்று கேளுங்கள்; அது 1969இல் நடந்தது. 1971 ஜனவரி வெள்ளம், தெலுக் ஆன்சன் என்ற ஊர் 1982இல் தெலுக் இந்தான் ஆனது, தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டது ஆகியவையும் நல்ல அடையாளக் கற்கள். இவற்றைவிட உறுதியான ஒரு துணை கோயிலில் இருக்கிறது. பழைய தோட்டத்துக் கோயில்கள் பலவற்றில் திருவிழாக் கணக்குப் புத்தகம், உபயக்காரர் பட்டியல், அழைப்பிதழ்கள் ஆகியவற்றைத் தலைவர் வீட்டு அலமாரியில் வைத்திருப்பார்கள். மேளத்துக்குக் கொடுத்த பணமும், எந்தக் குழு வந்தது என்பதும் அவற்றில் இருக்கும். கடற்படைக்காரர் விடுப்பு கிடைத்த ஆண்டில்தான் ஊருக்கு வந்து அடித்திருப்பார். சேவைப் புத்தகத்தில் விடுப்பும் கணக்குப் புத்தகத்தில் மேளமும் ஒரே மாதத்தில் விழுந்தால் அந்த ஆண்டை நம்பிக்கையுடன் எழுதலாம். விழவில்லை என்றால் அவரிடம் மறுபடியும் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் சுவையான கதை ஒன்று அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இனி இசைப் பகுதி. இதற்குக் காகிதம் உதவாது, கைதான் ஆவணம். “என்னென்ன தாளம் தெரியும்?” என்று கேட்டால், “என்னத்த தம்பி, எல்லாம் அடிப்போம்” என்றுதான் பதில் வரும். ஆகவே தப்பை எடுத்து வரச் சொல்லி, காய்ச்சுவதிலிருந்தே பதிவைத் தொடங்குங்கள். மரவளையத்தில் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல் நம் ஈரக் காற்றில் தொய்ந்து, தட்டினால் ‘பொத்’ என்று விழும். அவர் பழைய நாளிதழையும் காய்ந்த தென்னோலையையும் கொளுத்தி, தப்பின் முகத்தைத் தீயில் படாமல் வட்டமாகச் சுற்றிக் காட்டுவார். நடுவில் விரலால் சுண்டிப் பார்த்து, ஒரு பக்கம் மட்டும் தாழ்வாக ஒலித்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடியும் காட்டுவார். ஈரம் போய்த் தோல் இறுகியதும் ஒலி ‘டங்’ என்று ஏறும். காய்ச்சும் முன்னும் பின்னும் ஒரே அடியை ஒலிப்பதிவு செய்து வைத்தால், பக்கம் பக்கமாக விளக்குவதைவிட அது பயன்படும்.

ஒவ்வோர் அடியையும் மூன்று முறை கேளுங்கள். முதலில் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அடுத்துக் கையால் மெதுவாகவும், பிறகு திருவிழா வேகத்திலும் அடிக்கச் சொல்லுங்கள். வாயால் சொல்லும்போதுதான் எது தடித்த அடிக்குச்சியின் ஒலி, எது மெல்லிய சிண்டுக்குச்சியின் ஒலி என்பது பிரிந்து தெரியும். காணொளி எடுப்பவர் எதிரில் நின்று ஒரு முறையும், அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு முறையும் எடுக்க வேண்டும். கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளுக்குப் பின்னாலிருந்து எடுத்ததுதான் உதவும். கைப்பேசியை அவர் அமர்ந்திருக்கும் மேசைமீது வைத்துவிட்டால் தப்பின் அடியில் ஒலி உடைந்து கரகரக்கும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி, துணி விரித்த நாற்காலியில் வைத்தால் தெளிவாகப் பதியும். பேட்டிக்கு நல்ல நேரம் காலைப் பசியாறிய பிறகு. மாலை மழை தகரக் கூரையில் இறங்கினால் அன்றைய வேலை முடிந்தது.

அவர் உறுமியோ பம்பையோ வாசிப்பவராகவும் இருந்தால், கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டச் சொல்லிப் பாருங்கள். வாரை இழுத்து இறுக்குவதைத் தகப்பன் சொல்லிக்கொடுத்திருப்பார். ஆனால் கடைசி முடிச்சு கப்பலில் கற்றதாக இருக்கக்கூடும். “இது போலைன் முடிச்சா, தாத்தா?” என்று கேட்டால் போதும், பயிற்சி முகாம், கயிற்றுப் பாடம், திட்டிய பிந்தாரா (கீழ்நிலை அதிகாரி) எல்லாம் வரிசையாக வந்து சேரும். இப்படி ஒரு முடிச்சு கிடைத்தால், எந்த அத்தியாயத்தில் எதை வைப்பது என்ற குழப்பமே பாதி தீர்ந்துவிடும். கப்பல் தளத்தில் ஊதும் சீழ்க்கையைப் பற்றியும் மறக்காமல் கேளுங்கள். அதுவும் ஒலியால் ஆணையிடும் கலைதான், தாளக்காரர் காது அதை எப்படிக் கேட்டது என்பதை அவர்தான் சொல்ல முடியும். எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர் என்றால் ஒரு காது மந்தமாக இருக்கலாம். அவருடைய எந்தப் பக்கத்தில் அமர்வது என்று வீட்டாரிடம் முன்னமே விசாரித்துக்கொள்வது மரியாதையும் ஆகும், வசதியும் ஆகும்.

எழுதுவோர் பலர் நழுவிச் செல்லும் இடம் ஒன்று உண்டு. தப்பு திருவிழாவில் மட்டும் அடிக்கப்படுவதில்லை. தோட்டத்தில் சாவு வீட்டிலும் அதுதான் முன்னே போகும். அதோடு சாதியும் ஒட்டிக்கொண்டே வந்தது. அதனால் பிள்ளைகள், “அப்பா வெள்ளைச் சீருடையில நிக்கிற படத்த மட்டும் போடுங்கண்ணே, மத்தது வேணாம்” என்று கேட்பார்கள். அவர்களுடைய தயக்கத்தைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. பள்ளியிலும் வேலையிடத்திலும் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் சாவு மேளத்தை நீக்கிவிட்டால் அவர் கற்றதில் பெரும்பகுதி நீங்கிவிடும் என்பதும் உண்மை. என் கருத்தில் முடிவு பெரியவருடையதாகவே இருக்க வேண்டும். அவரிடம் தனியாக, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், “ஐயா, சாவு வீட்டுக்குப் போனத எழுதலாமா?” என்று நேரடியாகக் கேளுங்கள். எழுதலாம் என்றால், யார் அழைப்பார்கள், கூலி என்ன, எங்கே நின்று அடிப்பார்கள், முடிந்ததும் எங்கே சாப்பாடு போட்டார்கள் என்பதையெல்லாம் அதே நிதானத்துடன் கேட்டு எழுதுங்கள். சாப்பாடு எங்கே போட்டார்கள் என்ற ஒரு கேள்விக்கு வரும் பதிலே, சாதியைப் பற்றி நீங்கள் எழுதக்கூடிய பத்திகளைவிட அதிகம் சொல்லும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒலிப்பதிவு மட்டும் குடும்பத்திடம் இருக்கட்டும்.

அச்சிடும் முன் சில எச்சரிக்கைகள். அடையாள அட்டை எண், சேவை எண், ஓய்வூதியக் கணக்கு விவரம் ஆகியவை தெரியும் படங்களை எங்கும் வெளியிடக் கூடாது. முதியவர்களைக் குறிவைக்கும் மோசடிக்காரர்களுக்கு அவையே போதும். கப்பலின் ஆயுதங்கள், ரோந்து முறைகள் போன்றவற்றைப் பற்றி அவர் பேசத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். 1972ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வ இரகசியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, அவர் அதை உங்களைவிட நன்றாக அறிவார். நமக்கு வேண்டியது கப்பலில் யார் சமைத்தார்கள், தீபாவளிக்கு எந்தத் துறைமுகத்தில் நின்றார்கள், இரவுக் காவலில் எந்தப் பாட்டை முணுமுணுத்தார் என்பவைதான்.

எழுதி முடித்ததும் முழுவதையும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள், அவர் மனைவியும் உடன் இருப்பது நல்லது. கடலில் இருந்த ஆண்டுகளில் கித்தா மரத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர் அந்தப் பாட்டியாகவே இருப்பார். “அந்த வருசம் இவர் தீபாவளிக்கு வரவே இல்ல” என்று அவர் திருத்தும் இடங்களைத் தயங்காமல் மாற்றி எழுதுங்கள். அச்செழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. வாசிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் அவர் வயதுக்காரர்கள். நூலாக வந்தால் தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். எண் பெற்று அங்கும் படிகளை ஒப்படையுங்கள். ஒலிப்பதிவுகளைக் கைப்பேசியில் மட்டும் விட்டுவைக்காமல் இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்து, ஒன்றைக் குடும்பத்திடமும் மற்றொன்றைக் கோயில் நிர்வாகத்திடமும் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் அடியின் பெயர், தேதி, இடம் ஆகிய மூன்றும் இருக்கட்டும்.