வகுபடும் விதிகள்: தேர்வில் நாம் சறுக்கும் இடங்கள்

314 என்ற எண் 4-ஆல் வகுபடுமா? கடைசியில் 4 இருக்கிறதே, அப்புறம் என்ன என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஆனால் பார்க்க வேண்டியது கடைசி இரண்டு இலக்கங்களை. 14 நான்கால் வகுபடாது, அதனால் 314-உம் வகுபடாது. இதே வேகத்தில்தான் 43 மூன்றால் வகுபடும் என்றும் எழுதிவிடுகிறோம். 2, 5, 10 ஆகியவற்றுக்குக் கடைசி இலக்கம் மட்டும் போதும், அந்தப் பழக்கம் மற்ற எண்களிலும் ஒட்டிக்கொள்வதால் வரும் வினை இது.

விதியை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், அது எங்கிருந்து வருகிறது என்று ஒரே ஒரு தடவை பாருங்கள். 100 நான்கால் மீதியில்லாமல் வகுபடும், ஆகவே நூறும் அதற்கு மேலும் என்ன இருந்தாலும் கவலையில்லை, கடைசி இரண்டு இலக்கம்தான் கணக்கு. 1000 எட்டால் வகுபடும், எனவே 8-க்குக் கடைசி மூன்று இலக்கம். 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1, அதனால்தான் 9-க்கும் 3-க்கும் இலக்கங்களைக் கூட்டுகிறோம். இது புரிந்தவருக்குத் தேர்வறைப் பதற்றத்திலும் விதி மாறிப்போகாது.

அதிக மதிப்பெண் போகிற இடம், பெரிய வகு எண்ணைப் பிரிப்பது. 24-ஆல் வகுபடுமா என்று கேட்டால், 4 × 6 = 24, இரண்டாலும் வகுபட்டால் போதும் என்று நினைக்கிறோம். 60-ஐ எடுங்கள்: 4-ஆலும் வகுபடும், 6-ஆலும் வகுபடும், 24-ஆல் வகுபடாது. 4, 6 இரண்டிலும் 2 ஒளிந்திருக்கிறது, ஒரே 2-ஐ இரண்டு முறை எண்ணிவிட்டோம். பிரிக்கும் எண்கள் சார்பகா எண்களாக, அதாவது 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதவையாக இருக்க வேண்டும். 24-க்கு 3, 8. 18-க்கு 2, 9 (3, 6 அல்ல). 72-க்கு 8, 9.

இதைத் தேர்வில் கேட்கும் விதம் இப்படி: 5அ34இ என்ற ஐந்திலக்க எண் 72-ஆல் வகுபடும், அ, இ என்ன? முதலில் 8-ஐ எடுக்க வேண்டும், ஏனென்றால் அது 34இ-யை மட்டும்தான் பார்க்கும். 344 தான் எட்டால் வகுபடுகிறது, ஆக இ = 4. பிறகு 9: 5 + அ + 3 + 4 + 4 = 16 + அ, இது 18 ஆக வேண்டும், அ = 2. எண் 52344, அதாவது 72 × 727. இதே கணக்கை 6, 12 என்று பிரித்துச் செய்து பாருங்கள், பத்து விடை வந்து நிற்கும். விடை ஒன்றில் நிற்காமல் சிதறினால், பிரித்த விதத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் சில கேள்விகளில் உண்மையிலேயே இரண்டு விடை உண்டு. 4அ5 ஒன்பதால் வகுபட வேண்டுமென்றால் 4 + 5 = 9, ஆகவே அ = 0 என்று எழுதிவிட்டு 9-ஐ மறந்துவிடுகிறோம். 'மிகப்பெரிய மதிப்பு' என்று கேள்வியில் இருந்தால் அங்கேயே போச்சு.

11-க்கு வருவோம். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிக் கழித்தால் 0 வந்தால்தான் வகுபடும் என்று பலர் வைத்திருக்கிறார்கள். 9284-ல் 9 + 8 = 17, 2 + 4 = 6, வித்தியாசம் 11, இதுவும் வகுபடும் (11 × 844). 'மீதி என்ன' என்று கேட்டால் இன்னும் கவனம் வேண்டும், வலது ஓரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். 6251-க்கு 1 − 5 + 2 − 6 = −8, 11-ஐச் சேர்த்தால் 3, அதுவே மீதி. இடமிருந்து போனால் 8 வரும், அந்த 8 ஆப்ஷனில் இருந்துவிட்டால் சந்தேகமே வராமல் குறித்துவிடுவோம்.

7-க்கும் ஒரு விதி உண்டு, கடைசி இலக்கத்தை இரட்டித்து மிச்ச எண்ணிலிருந்து கழிப்பது: 343-க்கு 34 − 6 = 28, சரி, வகுபடும். ஆனால் அதில் கிடைப்பது வகுபடுமா இல்லையா என்பது மட்டும்தான், மீதி கிடைக்காது. என்னைக் கேட்டால் மூன்று இலக்க எண்ணுக்கு நேராக வகுத்துவிடுவதே வேகம்.

கடைசியாக, 'கண்டிப்பாக வகுபடும்' என்ற சொல்லைக் கேள்வியில் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். ஓர் எண் 4, 6 இரண்டாலும் வகுபடும் என்றால் அது கண்டிப்பாக எதனால் வகுபடும், 12-ஆ, 24-ஆ, 48-ஆ? 24-ஐப் போட்டுச் சோதித்தால் முதல் இரண்டுமே சரிபோலத் தெரியும். மீச்சிறு பொது மடங்கான 12-ஐயே போட்டுப் பாருங்கள், 24-உம் 48-உம் உடனே விழுந்துவிடும்.