ஒரு சிப்பாய் அதிகம் இருந்தும் டிராவா? ராஜா-சிப்பாய் இறுதியாட்டம், படிப்படியாக

சதுரங்கத்தில் காய்கள் எப்படி நகரும், கட்டங்களுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் ஃபோர்க் (ஒரே காயால் இரண்டு காய்களைத் தாக்குவது), பின் (பின்னால் நிற்கும் காய்க்காக முன்காயை நகரவிடாமல் கட்டிப்போடுவது) போன்ற தந்திரங்களைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு சிப்பாயை லாபமாக அடித்தும் விடுகிறார்கள். அப்புறம் காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு, இரண்டு ராஜாக்களும் அந்த ஒற்றைச் சிப்பாயும் மிஞ்சும்போது ஆட்டம் டிராவாகிவிடுகிறது. அதனால் பாட வரிசையையே மாற்றிவிட்டேன்: முதலில் இறுதியாட்டம் (காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டம்), பிறகுதான் தந்திரம்.

படி 1. நிஜப் பலகையில் அடுக்குங்கள்

வெள்ளை ராஜா இ5, வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. இதற்குக் கைப்பேசி வேண்டாம். சுருட்டி வைக்கும் ரெக்சின் பலகையும் கனமான காய்களும் போதும். காந்தக் காய் உள்ள குட்டிப் பலகையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கட்டங்கள் கண்ணில் பதியவே பதியாது.

படி 2. யார் நகர வேண்டும் என்று பாருங்கள்

ராஜாக்கள் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கிறார்கள். இதுதான் ஆப்பொசிஷன். இப்போது நகர வேண்டியவர்தான் வழிவிட வேண்டும். கறுப்பின் முறை என்றால் ராஜா டி7-க்கு ஒதுங்கும், நீங்கள் எஃப்6-க்குள் நுழைவீர்கள், வெற்றி. வெள்ளையின் முறை என்றால், கறுப்பு சரியாக ஆடும்வரை டிராதான்.

படி 3. சிப்பாயைக் கையிருப்பில் வையுங்கள்

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். அதே நிலையில் சிப்பாயை மட்டும் இ3-க்கு இறக்கி வையுங்கள். வெள்ளையின் முறை. ராஜாவை நகர்த்தினால் ஆப்பொசிஷன் போய்விடும். ஆனால் இ4 என்று சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் முறை கறுப்புக்குப் போய்விடுகிறது! இனி ராஜா டி7, நீங்கள் எஃப்6. ராஜா இ8, நீங்கள் இ6. மறுபடியும் நேருக்கு நேர், மறுபடியும் கறுப்புதான் ஒதுங்க வேண்டும். எஃப்8-க்குப் போனால் நீங்கள் டி7. டி8-க்குப் போனால் எஃப்7. அதற்கு மேல் சிப்பாய்க்குத் தடையே இல்லை.

சிப்பாயை அவசரமாக ஓட்டாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். ராஜா முன்னால் போகட்டும், சிப்பாய் பின்னால் வரட்டும். தள்ளாமல் வைத்திருக்கும் ஒரு நகர்வு, ஆட்டத்தையே ஜெயித்துக் கொடுக்கும்.

படி 4. மூன்று கட்டங்களை மனப்பாடம் செய்யுங்கள்

சிப்பாய் இ4-இல் இருந்தால் டி6, இ6, எஃப்6. இவற்றில் ஒன்றை உங்கள் ராஜா பிடித்துவிட்டால், முறை யாருடையது என்றாலும் வெற்றி. 2, 3, 4-ஆம் வரிசைச் சிப்பாய்களுக்கு இதே கணக்குதான்: இரண்டு வரிசை முன்னால், பக்கத்தில் பக்கத்தில் மூன்று கட்டங்கள்.

தற்காக்கும் பக்கத்தையும் ஆடிப் பாருங்கள். வெள்ளை ராஜா டி5, சிப்பாய் இ6, கறுப்பு ராஜா இ7, கறுப்பின் முறை. நேரே பின்னால் இ8-க்குப் போனால் மட்டுமே டிரா. டி8, எஃப்8 இரண்டுமே தோல்வி. ஏன் என்று பலகையில் நீங்களே ஆடிக் கண்டுபிடியுங்கள். ஒரு துப்பு: சிப்பாய் 7-ஆம் வரிசைக்குச் செக் கொடுக்காமல் போனால் ராணியாகிவிடும், செக்கோடு போனால் டிரா.

படி 5. இப்போது தந்திரம்

எல்ஆர்டி ரயில் பயணத்தில் கைப்பேசியை எடுக்கலாம். எனக்குப் பிடித்தது லீசெஸ் என்ற சதுரங்கத் தளம்: முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது, புதிர்களை வகை வாரியாகப் பிரித்துத் தருகிறது. முதலில் ஃபோர்க் மட்டும் எடுங்கள். எதிராளியின் பதில் உட்பட முழு வரிசையும் மனதில் ஓடிய பிறகுதான் விரல் படவேண்டும். மூன்று நிமிடக் கடிகாரத்தோடு ஓடும் பசில் ஸ்டோர்ம் தொடக்கநிலையில் வேண்டவே வேண்டாம். ஊகிக்கும் பழக்கம்தான் வளரும்.

அதே தளத்தின் பயிற்சிப் பகுதியில் ஆப்பொசிஷன் பாடமும் உண்டு. சந்தேகம் வந்தால் நிலையை அலசல் பலகையில் அடுக்குங்கள். ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களுக்குள் இருந்தால், எந்த நகர்வு வெற்றி, எது டிரா என்று துல்லியமாகவே காட்டும்.

பின்சேர்க்கை: ஓரச் சிப்பாய்க்கும் இதே கணக்கா என்று பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. ஏ, எச் நெடுவரிசைச் சிப்பாய்க்குப் படி 4 செல்லாது. எதிராளியின் ராஜா மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் டிராதான். உங்களிடம் கூடுதலாக ஒரு பிஷப் இருந்தாலும், சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக் கட்டத்தின் நிறத்தில் அது ஓடவில்லை என்றால் அப்போதும் டிராதான். ஆகவே காய்களை வெட்டிக்கொள்ளும் முன், மிஞ்சப்போகும் சிப்பாய் எந்த நெடுவரிசையில் இருக்கிறது என்று பாருங்கள்.