எவரெஸ்ட் பக்கம் நடக்க எந்தப் பாதை: அடிவார முகாமா, கோக்கியோவா, மூன்று கணவாய்களா?

நேபாளத்தின் கும்பு பகுதிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த வழியில் காட்சி நன்றாக இருக்கும்?" என்றுதான். அதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். முதலில் லீவு எத்தனை நாள் என்று எண்ணுங்கள்.

மலை விமான நிலையம் உள்ள லுக்லாவில் இறங்கி லுக்லாவுக்கே திரும்ப, எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு 11 அல்லது 12 நாள் ஆகும். கோக்கியோ ஏரிகளுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். சோ லா கணவாய் வழியாக இரண்டையும் சேர்த்தால் 15, 16. கோங்மா லா, சோ லா, ரென்ஜோ லா என்று மூன்று கணவாய்களையும் கடக்க 18, 19 நாள். இதற்கு மேல் லுக்லா விமானத்துக்காக இரண்டு நாள் சும்மா ஒதுக்க வேண்டும். அங்கே ஓடுபாதையின் நீளமே 527 மீட்டர்தான். மேகம் இறங்கிவிட்டால் அன்றைக்கு விமானம் இல்லை. கூட்ட மாதங்களில் பெரும்பாலான விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து கிளம்பாமல் ராமேச்சாப்பிலிருந்து கிளம்பும். அதைப் பிடிக்க நள்ளிரவு தாண்டியதும் வேனில் ஏறி நாலைந்து மணி நேரம் போக வேண்டும்.

வீட்டிலிருந்து வீடு வரை மொத்தமே பத்து நாள்தான் என்றால் அடிவார முகாமை விட்டுவிடுங்கள். தெங்போச்சே வரை போய்த் திரும்பலாம். எவரெஸ்ட், லோட்சே, அமா தப்லாம் மூன்றும் அங்கிருந்தே தெரியும்.

அடுத்தது தூங்கும் உயரம். தமிழ்நாட்டில் ஆக உயரமான தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான். லுக்லா விமான நிலையம் அதற்கும் 200 மீட்டர் மேலே இருக்கிறது. வெள்ளியங்கிரி ஏறிப் பழகிய கால் படிகளில் உதவும். மூச்சுக்கு அந்தப் பழக்கம் உதவாது. 3000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே ஊரில் இரண்டாவது இரவு தங்க வேண்டும். அந்த நாளில் பகலில் கொஞ்சம் மேலே ஏறிவிட்டு இறங்கி வந்து படுப்பது நல்லது.

ஒரு காகிதத்தில் ஊர், உயரம், முந்தைய இரவோடு வித்தியாசம் என்று மூன்று பத்தி போட்டு எழுதிப் பாருங்கள். அடிவார முகாம் வழி இப்படி வரும்: பக்திங் 2610, நாம்சே 3440 இரண்டு இரவு, தெங்போச்சே 3860, திங்போச்சே 4410 இரண்டு இரவு, லோபுசே 4940, கோரக் ஷெப் 5164. வரைபடத்துக்கு வரைபடம் இருபது முப்பது மீட்டர் மாறும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பக்திங்கிலிருந்து நாம்சே 830 மீட்டர் ஏற்றம். விதி அங்கேயே உடைகிறது. அதனால்தான் நாம்சேயில் இரண்டு இரவு. அந்த ஓய்வு நாளை வெட்டி மிச்சம் பிடிக்கும் திட்டத்தை எந்த ஏஜென்ட் தந்தாலும் வாங்காதீர்கள்.

கோக்கியோ வழியில் இருக்கும் பொறி கண்ணுக்குத் தெரியாது. நாம்சேக்குப் பிறகு தோலே சுமார் 4100, மச்செர்மோ 4470, கோக்கியோ 4790. மூன்றே இரவில் 1350 மீட்டர்! மச்செர்மோவும் கோக்கியோவும் அரை நாள் நடைதான். மதியச் சாப்பாட்டுக்கே லாட்ஜுக்கு வந்துவிடுவதால், "வெயில் இருக்கிறதே, அடுத்த ஊருக்கே போய்விடலாம்" என்று தோன்றும். தலைவலியும் வாந்தியும் அந்த ராத்திரிதான் வரும். நாம்சேயை அடுத்து 3680 மீட்டரில் உள்ள போர்ட்சே தெங்காவில் ஓர் இரவு, மச்செர்மோவில் இரண்டு இரவு என்று சேர்த்தால் வித்தியாசப் பத்தி 240, 420, 370, 320 என்று அடங்கிவிடும்.

இப்போது காட்சி. அடிவார முகாமில் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது. முன்னால் உள்ள மலைத்தோள் மறைத்துவிடும். பலர் ஏமாறுவது இதில்தான். உச்சியைப் பார்க்க கோரக் ஷெப்பிலிருந்து காலா பத்தர் குன்றில் ஏற வேண்டும். கோக்கியோ ஊருக்கு மேலே உள்ள கோக்கியோ ரி குன்று (5357 மீட்டர்) எவரெஸ்ட், லோட்சே, மகாலு, சோ ஓயு என்று எட்டாயிரத்தைத் தாண்டிய நான்கு சிகரங்களைக் காட்டும், கீழே ஏரியும் உண்டு. "பேஸ் கேம்ப் போனேன்" என்று சொல்லும் ஆசை இல்லாதவருக்கு எங்கள் ஓட்டு கோக்கியோவுக்கே. பாதையில் நெரிசலும் குறைவு.

மூன்று கணவாய் என்று முடிவு செய்தால் அடுத்த கேள்வி, எந்தத் திசை? முதல் தடவை போகிறவர்கள் கிழக்கிலிருந்து தொடங்க வேண்டும்: திங்போச்சே, சுக்குங் 4730, பிறகு 5535 மீட்டர் கோங்மா லா. மேற்கிலிருந்து போனால் நாம்சே, தாமே 3800, லுங்தென் 4380, மறுநாளே 5360 மீட்டர் ரென்ஜோ லா. உடம்பு பழகுவதற்குள் கணவாய் வந்துவிடும். லுங்தென் பக்கமிருந்து ஏறினால் உச்சியில் எவரெஸ்டும் கோக்கியோ ஏரியும் நேர் எதிரே திறக்கும் என்பது உண்மைதான். அதற்காகவே மேற்கிலிருந்து போகிறவர்கள் தாமேயிலும் லுங்தெனிலும் தலா ஒரு நாள் கூட்டிக்கொள்ளட்டும்.

சுக்குங்குக்கும் லோபுசேக்கும் நடுவே லாட்ஜ் கிடையாது. கோங்மா லா நாள் எட்டு முதல் பத்து மணி நேரம் இழுக்கும். மூன்று லிட்டர் தண்ணீரும் சாப்பாடும் முதுகிலேயே போக வேண்டும். கணவாய் இறங்கி முடித்ததும் லோபுசேயின் கூரைகள் எதிரே தெரியும். வந்துவிட்டோம் என்று நினைப்பீர்கள். நடுவில் கும்பு பனியாறு கிடக்கிறது: மேலே கல்லும் மண்ணும், அடியில் பனிக்கட்டி, காலை வைத்தால் சரியும் மேடு பள்ளம். அதைத் தாண்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான், காரணம் அசதியும் மங்கும் வெளிச்சமும். விடியும் முன் 5 மணிக்குக் கிளம்பச் சொல்வது இதற்காகத்தான்.

நடுவில் தலைவலியோடு குமட்டலோ வாந்தியோ இருந்தால் மேலே போகக் கூடாது. குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். குதிகாலும் விரலும் தொடுமாறு ஒரே கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில். இரண்டுக்கும் ராத்திரியானாலும் உடனே இறக்க வேண்டும். உயர நோய் வராமல் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம் காலையும் மாலையும் என்பது வழக்கமான அளவு. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. காப்பீடு 6000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்புக்குச் செல்லுமா என்று பாலிசியின் சிறு எழுத்தில் பாருங்கள்.

இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். மோஞ்சோ வாசலில் சாகர்மாதா தேசியப் பூங்காக் கட்டணம் சார்க் நாட்டவருக்கு 1500 நேபாள ரூபாய், மற்றவர்களுக்கு 3000, வரி தனி. இலங்கைத் தமிழருக்கும் சார்க் கட்டணமே. மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு முழுக் கட்டணம்.

அக்டோபர் முதல் நவம்பர் நடு வரையும், ஏப்ரல் முதல் மே நடு வரையும் கணவாய்களுக்கு ஏற்ற காலம். அப்போதும் சோ லாவுக்கு மைக்ரோஸ்பைக்ஸ் (பனியில் வழுக்காமல் இருக்க ஷூவின் அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்) இல்லாமல் போக வேண்டாம். கிழக்கே சோங்லா என்ற ஊர்ப் பக்கம் பாறை ஏறியதும் பனியாற்றின் மேல்தான் நடை. மறுபுறம், கோக்கியோ பக்கம் உள்ள திராக்னாக் ஊருக்கு இறங்கும் செங்குத்துச் சரிவில் வெயில் ஏறினால் உறைந்திருந்த கற்கள் இளகி உருளும். திராக்னாக்குக்கு அப்பால் நொசும்பா பனியாற்றைக் கடக்கும் தடம் பனி நகர நகர மாறும். போன வருட ஜிபிஎஸ் கோட்டை நம்பாமல், அன்று அந்தப் பக்கமிருந்து வந்தவரைக் கேளுங்கள்.

சோங்லாவில் இரவுச் சாப்பாட்டின்போது, இன்று எதிர்ப்புறமிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று விசாரியுங்கள். புதுப் பனி விழுந்து யாருமே வரவில்லை என்றால் மறுநாள் ஏறாதீர்கள். கீழே பாங்போச்சே, போர்ட்சே வழியாகச் சுற்றியும் கோக்கியோ போகலாம். மூன்று நாள் கூடுதல். கிளம்பும் முன் எழுதிய அந்தக் காகிதத்தில் இந்த மூன்று நாளுக்கும் இடம் விட்டிருக்க வேண்டும்.