என்95 மாஸ்க்கை கழுவாம திரும்ப போடுறது எப்படி

புது மாஸ்க் கிடைக்குதுன்னா இதெல்லாம் வேண்டாம், புதுசையே போட்டுக்கோங்க. 2020-ல எங்க தேடியும் கிடைக்காதப்ப கையில இருந்த அஞ்சை வெச்சே நான் சமாளிச்சேன், அப்ப கத்துக்கிட்டது இது. என்95 மாதிரி மாஸ்க்குக்கு மட்டும்தான், துணி மாஸ்க்னா சோப்பு போட்டு துவைச்சுடலாம்.

முதல் மாஸ்க்கை நான் சோப்புத் தண்ணில அலசிட்டேன். பார்க்க பளிச்சுன்னு இருந்துச்சு, ஆனா உள்ள வீணாப் போயிருக்கும்னு அப்புறம்தான் படிச்சேன். உள்ள இருக்கிற பாலிப்ரொப்பிலீன் இழைல நிலைமின்சாரம் ஏத்தியிருப்பாங்க, சீப்பு பேப்பர் துணுக்கை இழுக்கிற மாதிரி அதுதான் நுண்துகளை இழுத்துப் பிடிக்குது. சோப்பு, சானிடைசர், ஸ்பிரிட் எது பட்டாலும் அந்த சார்ஜ் போயிடும். ப்ளீச்சும் கூடாது, அந்த நெடி அதுலயே தங்கி மூச்சோட உள்ள போகும்.

அதனால நாள் விட்டு ஆறப்போடுறதுதான் வழி. அஞ்சு மாஸ்க், அஞ்சு பேப்பர் கவர், கவர் மேல 1-லேர்ந்து 5 வரை நம்பரும் உங்க பேரும். இன்னைக்கு 1, நாளைக்கு 2, இப்படியே போய் ஆறாம் நாள் திரும்ப 1. கொரோனா வைரஸ் பிளாஸ்டிக் மேல 72 மணி நேரம் வரை இருந்ததை ஆய்வுல பார்த்திருக்காங்க, அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி அஞ்சு நாள் இடைவெளி விடச் சொல்லுச்சு.

நான் சறுக்கின இன்னொரு இடம் கவர். ஜிப் வெச்ச பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடிட்டேன், திறந்தா ஈரம் அப்படியே இருக்கு, ஒரு மாதிரி வாடை வேற. காத்து போற பேப்பர் கவர்தான் வேணும், மாஸ்க்கை மடக்காம நசுக்காம போடுங்க.

கழட்டறப்ப முன்பக்கம் தொடவே தொடாதீங்க, கீழ் பட்டையை முதல்ல, அப்புறம் மேல் பட்டை, உடனே கை கழுவணும். திரும்ப போடுறப்பவும் கை கழுவிட்டு போட்டு, மூக்குப் பட்டியை அழுத்தி, ரெண்டு கையாலயும் மாஸ்க்கை மூடி வேகமா மூச்சு விடுங்க, ஓரத்துல காத்து தெரிஞ்சா சரியா உக்காரலைன்னு அர்த்தம். சரி பண்ணிட்டு கையை இன்னொரு தடவை கழுவிடுங்க.

ஒரு மாஸ்க் அஞ்சு தடவைக்கு மேல வேண்டாம். ஈரமானா, ரத்தம் கித்தம் பட்டா, பட்டை தளர்ந்தா, மூச்சு விட கஷ்டமா இருந்தா எத்தனாவது தடவைன்னு கணக்கு பார்க்காம தூக்கிப் போடுங்க.

இந்த மாஸ்க்கோட ஃபில்டர் தொழில்நுட்பத்தை உருவாக்கின பீட்டர் சாய், 70 டிகிரி செல்சியஸ் உலர் சூட்டுல 30 நிமிஷம் உலோகம் படாம தொங்கவிடலாம்னு சொல்லியிருக்கார். ஆனா வீட்டு ஓவன்ல சூடு ஏறி இறங்கும், சமைக்கிற இடம் வேற, எனக்கு பேப்பர் கவர்தான் நம்பிக்கை. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், மூக்குப் பட்டி உலோகமா இருந்தா பொறி பறக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி முறையெல்லாம் ஆஸ்பத்திரி மெஷின் வேலை, வீட்ல முயற்சி பண்ணாதீங்க.

பின்சேர்க்கை: வெயில்ல வெச்சா போதாதான்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. கிருமி கொல்ற விளக்குல வர்ற யூவி-சி கதிர் வெயில்ல நம்ம கிட்ட வந்து சேராது, ஓசோனே தடுத்துடும், மத்த வெளிச்சமும் மடிப்புக்குள்ள சரியா படாது. வெயில் பட்டுடுச்சேன்னு அஞ்சு நாளை ரெண்டு நாளா குறைச்சுடாதீங்க. அப்புறம், ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் போடக்கூடாது, எத்தனை நாள் ஆறப்போட்டிருந்தாலும் சரி.