தண்டுவடம்: எண்ணை நம்பி ஏமாறும் இடங்கள்

கால்நடை மருத்துவ மாணவர்கள் தண்டுவடத்தில் கோட்டை விடுவது பெரும்பாலும் எண்களில்தான். ‘இடுப்பு 4’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எது நான்கு? முள்ளெலும்பா, தண்டுவடத் துண்டமா (ஒரு ஜோடி நரம்பு கிளம்பும் தண்டுவடப் பகுதி), நரம்பா? மூன்றுக்கும் ஒரே எண் இருக்கலாம், ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் இருக்காது.

கழுத்திலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. கழுத்து முள்ளெலும்புகள் 7, கழுத்து நரம்புகள் 8 ஜோடி. முதல் நரம்பு, முதல் கழுத்து எலும்பான அட்லஸின் பக்கத்துளை வழியாக வருகிறது. எட்டாவது நரம்பு கடைசிக் கழுத்து எலும்புக்கும் முதல் மார்பு எலும்புக்கும் நடுவே வருகிறது. ஆக, கழுத்தில் 2 முதல் 7 வரை ஒவ்வொரு நரம்பும் தன் எண்ணுள்ள எலும்புக்கு முன்பக்கமாக வெளியேறும். மார்பு தொடங்கியதும் எலும்புக்குப் பின்பக்கமாக வெளியேறும். இந்த மாற்றத்தைக் கவனிக்காவிட்டால் பின்னால் எண்ணுவதெல்லாம் ஒன்று தள்ளிப்போகும்.

முள்ளெலும்புகளின் மொத்த எண்ணிக்கையையும் மனித உடற்கூறியலிலிருந்து கடன் வாங்கக் கூடாது. நாய்க்கு மார்பில் 13, இடுப்பில் 7, அதற்குப் பின்னால் உள்ள திருவெலும்பில் 3. மாட்டுக்கு 13, 6, 5. குதிரைக்கு 18, 6, 5. உதரவிதானத்துக்குப் போகும் பிரெனிக் நரம்பும் இதே வகைப் பொறிதான். மனிதரில் அது கழுத்து 3, 4, 5-இலிருந்து வருகிறது, நாயில் 5, 6, 7-இலிருந்து. தேர்வுத்தாளில் மனித விடையை எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்ததுதான் உண்மையிலேயே நோயாளியைப் பாதிக்கும் தவறு. வளரும்போது முதுகெலும்பு நீளும் அளவுக்குத் தண்டுவடம் நீளாது. அதனால் நாயில் அது ஏறக்குறைய ஆறாவது, ஏழாவது இடுப்பு எலும்புகளின் அருகே முடிந்துவிடுகிறது. இடுப்பின் 5, 6, 7-ஆம் துண்டங்கள் மூன்றும் கிட்டத்தட்ட நான்காவது இடுப்பு எலும்புக்குள்ளேயே அடங்கிவிடும். திருவெலும்புத் துண்டங்கள் மூன்றும் ஐந்தாவதற்குள். சிறிய நாய்களில் இது இன்னும் கொஞ்சம் பின்னால் இருக்கலாம்.

இதை வைத்து ஒரு நாயைப் பார்ப்போம். முழங்கால் அனிச்சை இல்லை. அதற்குரிய ஃபெமோரல் நரம்பு இடுப்பு 4 முதல் 6 வரையான துண்டங்களிலிருந்து வருகிறது. உடனே ஐந்தாவது, ஆறாவது இடுப்பு எலும்பை நடுவாக வைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் கோளாறு உள்ள இடம் படத்தின் ஓரத்துக்குப் போய்விடும். முதலில் பார்க்க வேண்டியது மூன்றாவது, நான்காவது எலும்பைச் சுற்றி. ஐந்தாவது எலும்பு முறிந்த நாயிலோ சிறுநீர்ப்பையும் ஆசனவாய்ச் சுருக்குத்தசையும் எப்படி இருக்கின்றன என்று மறக்காமல் பாருங்கள்; அவற்றுக்குரிய திருவெலும்புத் துண்டங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஏழாவது எலும்பு முறிந்தால் அங்கே அடிபடுவது பெரும்பாலும் தண்டுவடம் அல்ல, அதைத் தாண்டிப் பின்னோக்கி ஓடும் நரம்புவேர்கள்தான்.

பூனையில் தண்டுவடம் நாயைவிடச் சற்றுப் பின்னால் வரை போகிறது. நாய்க்குப் போடுவதுபோலவே கடைசி இடுப்பு எலும்புக்கும் திருவெலும்புக்கும் நடுவே எபிடியூரல் ஊசி (தண்டுவடத்தின் வெளியுறையான டியூராவுக்கு வெளியே போடுவது) போடும்போது அந்த உறையைக் குத்திவிடும் வாய்ப்பு பூனையில் அதிகம்.

மாட்டின் விலாப்பள்ளத்தை மரக்கவைப்பதில் எண் குழப்பம் இன்னொரு விதமாக வரும். மரக்க வேண்டியவை மார்பு 13, இடுப்பு 1, இடுப்பு 2 நரம்புகள். ஆனால் குறுக்குமுட்களின் (எலும்பின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் பகுதிகளின்) நுனியில் ஊசி போடும் முறையில் இடுப்பு 1, 2, 4 எலும்புகளின் நுனிகளைத் தேடுகிறோம். நரம்புகள் வெளிவந்ததும் பின்னோக்கிச் சரிந்து ஓடுவதுதான் காரணம். ‘மூன்றை ஏன் விட்டார்கள், அச்சுப் பிழையோ’ என்று சந்தேகப்பட வேண்டாம்!

வேரையும் கிளையையும் ஒன்றாக்குவது வேறு வகைத் தவறு. முதுகுப்புற வேர் உணர்வைக் கொண்டுவரும், வயிற்றுப்புற வேர் இயக்கக் கட்டளையைக் கொண்டுபோகும். இரண்டும் சேர்ந்துதான் தண்டுவட நரம்பு. அந்த நரம்பு பிரிந்து உண்டாகும் முதுகுப்புறக் கிளை, வயிற்றுப்புறக் கிளை இரண்டிலும் இருவகை இழைகளும் உண்டு. ‘முதுகுப்புறக் கிளை உணர்வு மட்டும்’ என்று எழுதினால் முதுகுத் தசைகளை யார் அசைப்பது? அறுத்துப் பார்க்கும்போது எது எந்த வேர் என்று சந்தேகம் வந்தால், எலும்பிடைத் துளையருகே தேடுங்கள். புடைப்பாக ஒரு நரம்பணு முடிச்சு இருந்தால் அது முதுகுப்புற வேர்.

சின்னச் சின்னவை இரண்டு. மூளையில் சாம்பல் பகுதி வெளியே, தண்டுவடத்தில் உள்ளே. டியூராவுக்கு வெளியே கொழுப்பும் சிரைகளும் நிறைந்த எபிடியூரல் இடைவெளி முதுகெலும்புக் குழாயில் உண்டு. மண்டையோட்டுக்குள் டியூரா எலும்புறையோடு ஒட்டிவிடுவதால் அங்கே அப்படி ஒன்று கிடையாது.

அப்புறம், குறுக்குவெட்டைத் தலைகீழாகப் பிடிப்பது. வயிற்றுப்புறத்தில் ஆழமான பிளவு இருக்கும், அதை ஒட்டி ஒரு தமனி ஓடும். முதுகுப்புறத்தில் லேசான பள்ளம்தான். சாம்பல் பகுதியின் முதுகுப்புறக் கொம்பு ஒல்லியாக விளிம்புக்கு அருகே வரை நீளும், வயிற்றுப்புறக் கொம்பு தடித்துக் குட்டையாக நிற்கும். முதலில் பிளவைக் கண்டுபிடித்து அது கீழே வரும்படி திருப்பிவிட்டு, அதற்குப் பிறகு பெயர் எழுதத் தொடங்குங்கள்.